முக்கால் டன் தண்ணீரின் மேல் உறக்கம்

பெரிய மருத்துவமனை எதிரே இருக்கும் சர்ஜிக்கல் கடையில் ‘வாட்டர் பெட்’ கேட்டால், மடித்து வைத்த ரப்பர் துணிப் பை ஒன்றை எடுத்துப் போடுவார்கள். கிடையாய்க் கிடக்கும் பெரியவருக்கு முதுகு புண்ணாகாமல் இருக்க வாங்குவது அது. தண்ணீர் நிரப்பிக் கட்டிலின் மேல் விரித்தால் வேலை முடிந்தது. அதே கேள்வியைப் பெரிய மெத்தைக் கடையில் கேட்டால், மரச்சட்டம், வினைல் பை, ஹீட்டர் எல்லாம் சேர்ந்த ஆடம்பரக் கட்டிலின் படத்தைக் காட்டுவார்கள். முன்பணம் கொடுத்தால் வரவழைத்துத் தருவதாகச் சொல்வார்கள்.

இரண்டுக்குள்ளும் வேலை செய்யும் இயற்பியல் ஒன்றே. வாங்குகிறவரின் தேவைதான் வேறு. ஒருவருக்குப் புரண்டு படுக்க முடியாது. இன்னொருவருக்கு நல்ல தூக்கம் வேண்டும். தண்ணீரால் முதலாமவருக்குக் கிடைக்கும் நன்மை தெளிவானது. இரண்டாமவருக்குக் கிடைப்பது, அவர் வீட்டுத் தரை, ஊரின் வெப்பம், பக்கத்தில் படுப்பவரின் எடை என்று பலவற்றைப் பொறுத்தது. நீர்மெத்தை வாங்கலாமா என்று யோசிப்பவர் முதலில் இந்தக் கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது.

நோயாளிக்காகப் பிறந்த கட்டில்

நீர்ப்படுக்கையை யோசித்தவர் ஒரு மருத்துவர். நீல் ஆர்னாட் ஸ்காட்லாந்தில் பிறந்து லண்டனில் மருத்துவம் பார்த்தவர். சாமானியருக்கும் புரியும்படி இயற்பியல் நூல் எழுதியவர். நெடுநாள் கிடந்து உடம்பில் புண் கண்ட நோயாளிக்காக 1832இல் அவர் செய்த ஏற்பாடு மிக எளியது. ஆள் நீளத்துக்கு ஒரு தொட்டி, அதில் அரையடி ஆழத்துக்குத் தண்ணீர், அதன் மேல் ரப்பர் பூசிய துணி, துணியின் மேல் மெல்லிய மெத்தை. அவ்வளவுதான். தண்ணீர் புகாத ரப்பர் துணிக்குச் சார்லஸ் மக்கின்டாஷ் 1823இல்தான் காப்புரிமை பெற்றிருந்தார். அந்தத் துணி வந்திராவிட்டால் ஆர்னாட்டின் யோசனை காகிதத்தோடு நின்றிருக்கும். ஆர்னாட் தன் படுக்கைக்குக் காப்புரிமை வாங்கவில்லை. வேண்டியவர் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

அடுத்த நூற்றாண்டிலும் இந்த யோசனை நோய்ப்படுக்கையை ஒட்டியே வந்தது. அறிவியல் புனைகதை எழுத்தாளர் ராபர்ட் ஹைன்லைன் 1930களில் காசநோயால் அமெரிக்கக் கடற்படைப் பணியை இழந்தவர். மருத்துவமனையில் கிடந்த நாள்களில் நல்லதொரு நீர்ப்படுக்கை எப்படி இருக்க வேண்டும் என்று மனத்துக்குள் வடிவமைத்தார். பின்னாளில் தன் நாவல்களில் அதை விவரமாக எழுதினார்.

படுக்கையறைக்கு அது வந்தது 1968இல். சான்பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் வடிவமைப்பு படித்த சார்லஸ் ஹால் என்ற மாணவர், உடம்புக்கு ஏற்ப வளைந்து கொடுக்கும் இருக்கை ஒன்றைத் தன் படிப்புக்காகச் செய்யப் புறப்பட்டார். முதலில் சோளமாவுக் கூழ் நிரப்பிய நாற்காலி செய்தார், எழுந்திருக்கவே முடியவில்லை. அடுத்து ஜெல்லி, அதுவும் சரிவரவில்லை. கடைசியில் நாற்காலியையும் கூழையும் விட்டுவிட்டு, வினைல் பையில் தண்ணீர் நிரப்பிக் கட்டிலாக்கினார். 1971இல் காப்புரிமை கிடைத்தது. 1980களின் பின்பாதியில் அமெரிக்காவில் விற்ற மெத்தைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று நீர்மெத்தை. அதன் பிறகு விற்பனை மளமளவென்று சரிந்தது. காரணத்தை இயற்பியலைப் பார்த்த பிறகு சொன்னால் எளிதில் விளங்கும்.

ஆழத்துக்கு ஏற்ற அழுத்தம்

வெறும் பலகையில் மல்லாந்து படுத்தால் உடம்பின் எடை முழுவதும் சில இடங்களில்தான் இறங்குகிறது. பின்மண்டை, தோள்பட்டை எலும்பு, இடுப்பின் கடைக்கோடியில் இருக்கும் திரிக எலும்பு, குதிகால் ஆகியவை அந்த இடங்கள். இடையில் உள்ள வளைவுகள் பலகையைத் தொடுவதே இல்லை. இடுப்புப் பகுதியின் எடையில் 10 கிலோ மட்டும், 80 சதுர சென்டிமீட்டர் அளவுள்ள இடத்தில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே தோலின் மேல் விழும் அழுத்தம் ரத்த அழுத்தக் கருவியின் அளவில் சொன்னால் 90 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாண்டும்.

தோலுக்கடியில் ஓடும் தந்துகிகளில் ரத்தத்தின் அழுத்தம் மிகக் குறைவு. யூஜின் லாண்டிஸ் 1930இல் நகக்கண் ஓரத் தந்துகிகளுக்குள் மிக நுண்ணிய கண்ணாடிக் குழாயைச் செருகி அளந்தார். ரத்தம் நுழையும் பக்கம் சுமார் 32 மில்லிமீட்டர் பாதரசம், வெளியேறும் பக்கம் சுமார் 12. வெளியிலிருந்து இதைவிட அதிகமாக நெடுநேரம் அழுத்தினால் தந்துகி நசுங்கும், ரத்தம் நிற்கும், திசு பட்டினி கிடக்கும். ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் இந்த எல்லை மாறும் என்றாலும் அளவின் போக்கு இதுதான். தூங்கும்போது நாம் அறியாமலே ஓர் இரவில் பல முறை புரண்டு படுப்பது இதனால்தான். எரிச்சல் தொடங்கும் முன்பே உடம்பு தானாக இடம் மாறிக்கொள்கிறது. பக்கவாதத்தாலோ தண்டுவடக் காயத்தாலோ உணர்வும் அசைவும் போனவருக்கு அந்த எச்சரிக்கை மணி அடிப்பதில்லை. அங்கே படுக்கைப் புண் பிறக்கிறது.

இப்போது பலகைக்குப் பதில் தண்ணீர். தேங்கிய நீரில் ஒரு புள்ளியின் அழுத்தம் அதன் ஆழத்தை மட்டும் பொறுத்தது. 10 சென்டிமீட்டர் ஆழத்தில் அது சுமார் 7.4 மில்லிமீட்டர் பாதரசம். எலும்பு துருத்தினாலும் சதை குழைந்தாலும் தண்ணீருக்கு வேற்றுமை இல்லை. ஒரே ஆழத்தில் ஒரே அழுத்தம். 60 கிலோ எடையுள்ளவர் மிதக்க வேண்டுமானால் 60 லிட்டர் தண்ணீரை விலக்க வேண்டும் என்பது ஆர்க்கிமிடிஸ் கணக்கு. மேலே துணியோ வினைலோ இருப்பதால் உடம்போடு சேர்ந்து சுற்றியுள்ள இடமும் கொஞ்சம் பள்ளமாகும். இரண்டும் சேர்ந்து 60 லிட்டர் ஆனதும் உடம்பு நின்றுவிடும். அப்போது இடுப்பு 15 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தாலும் அங்கே அழுத்தம் சுமார் 11 மில்லிமீட்டர் பாதரசம்தான். பலகையில் 90, தண்ணீரில் 11. நீர்ப்படுக்கையின் முழுப் பெருமையும் இந்த இரண்டு எண்களில் இருக்கிறது.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மேலே போர்த்திய துணி தளர்வாக இருக்க வேண்டும். ஆர்னாட் இதை அன்றே கவனித்திருந்தார். வெறும் தொட்டியின் அடியையும் பக்கங்களையும் முழுக்க மூடும் அளவுக்கு அவருடைய ரப்பர் துணி பெரியது. தண்ணீரின் மேல் போட்டால் தொளதொளவென்று கிடக்கும். துணி விறைப்பாக இருந்தால் எடையைத் தண்ணீருக்கு முன் துணி தாங்கத் தொடங்கிவிடும். இழுத்து முறுக்கிய கயிற்றுக் கட்டிலில் படுத்த மாதிரி ஆகி, துருத்திய எலும்பின் மேல் மறுபடி அழுத்தம் ஏறும். கடையில் நீர்மெத்தையை அழுத்திப் பார்த்து ‘கும்மென்று இருக்கிறது’ என்று மகிழ்பவர்கள் உண்மையில் அதன் குறையைத்தான் தொட்டுப் பார்க்கிறார்கள். மெத்தைக்குள் அதிகமாக நிரப்பினால் வினைல் விறைக்கும். குறைவாக நிரப்பினால் இடுப்பு தரைதட்டும். சரியான அளவு இரண்டுக்கும் நடுவில். பக்கவாட்டில் படுத்தால் முதுகெலும்பு நேர்கோட்டில் நிற்கிறதா என்று இன்னொருவரைப் பார்க்கச் சொல்லி, சில லிட்டர் கூட்டியும் குறைத்தும்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

முதுகுவலிக்கு நல்லதா?

முதுகுவலி என்றால் தரையில் பாய் விரித்துப் படு, பலகை போட்டுப் படு என்பது நம் வீடுகளில் வழங்கும் அறிவுரை. ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. ஸ்பெயினில் 313 பேரைக் கொண்டு நடத்தி 2003இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வில், மிகக் கடினமான மெத்தையைவிட நடுத்தரக் கடினமுள்ள மெத்தையில் படுத்தவர்களுக்கே நாள்பட்ட இடுப்புவலி அதிகம் தணிந்தது.

நீர்மெத்தையை நேரடியாகச் சோதித்த ஆய்வு டென்மார்க்கில் நடந்தது, 2008இல் வெளிவந்தது. நாள்பட்ட முதுகுவலி உள்ள 160 பேரை மூன்று பிரிவாக்கி, நீர்மெத்தை, உடலுக்கேற்ப குழையும் ஃபோம் மெத்தை, கடின மெத்தை ஆகியவற்றில் ஒரு மாதம் படுக்க வைத்தார்கள். வலி, அன்றாட வேலைத்திறன், தூக்கம் மூன்றிலும் நீர்மெத்தையும் ஃபோம் மெத்தையும் கடின மெத்தையைவிடச் சற்று மேலாக இருந்தன. ஆனால் வேறுபாடு சிறியது என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். பாதியில் விலகியவர்களும் உண்டு. ஆக, முதுகுவலியை நீர்மெத்தை குணப்படுத்தும் என்ற விளம்பரத்தை நம்ப ஆதாரம் போதாது. கடினமான படுக்கையைவிட மோசமில்லை, ஃபோமைவிட மேலும் இல்லை என்ற அளவில் ஏற்றுக்கொள்ளலாம்.

நீர்மெத்தையின் விற்பனை சரிந்த காரணமும் இங்கேதான் இருக்கிறது. விமான இருக்கைக்காக நாசாவின் ஒப்பந்தப் பணியில் 1966இல் சார்லஸ் யோஸ்ட் உருவாக்கிய ‘மெமரி ஃபோம்’, 1990களில் மெத்தையாகக் கடைகளுக்கு வந்தது. உடம்பின் வளைவுகளுக்கு இடம் கொடுக்கும் குணம் தண்ணீர் இல்லாமலே கிடைக்கத் தொடங்கியதும், குழாய் வைத்து மெத்தை நிரப்பும் பாடு யாருக்கு வேண்டும்?

வெப்பம் என்னும் பெரிய கேள்வி

தூக்கம் வருவதற்கும் உடம்பின் வெப்பத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. இரவில் உடலின் உள்வெப்பம் ஏறக்குறைய 1 டிகிரி குறைகிறது. கை கால்களின் ரத்தக்குழாய்கள் விரிந்து, உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளுகின்றன. உள்ளங்கால் கதகதப்பாக இருப்பவருக்குத் தூக்கம் விரைவில் வருகிறது என்பதைச் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 1999இல் காட்டினார்கள். வெப்பத்தை அளவாக வெளியேற விடுகிற படுக்கை தூக்கத்துக்கு உதவும். அளவுக்கு மீறி உறிஞ்சினால் நடுக்கம், விடாமல் தடுத்தால் புழுக்கம்.

காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அதோடு அது வெப்பத்தை ஏராளமாகத் தாங்கிக்கொள்ளும். 1.8 மீட்டர் அகலம், 2 மீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் ஆழமுள்ள மெத்தையில் 720 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதை 1 டிகிரி சூடாக்க 30 லட்சம் ஜூல் வேண்டும். தூங்கும் ஒருவர் உடம்பு சுமார் 75 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. எட்டு மணி நேரத்தில் அதில் பாதி மெத்தைக்குள் போனாலும் தண்ணீர் அரை டிகிரிகூடச் சூடாகாது. பஞ்சு மெத்தையில் படுத்த இடம் கால் மணியில் உடல் சூட்டுக்கு வந்துவிடும். நீர்மெத்தை விடியும்வரை சூடேறாமல் வெப்பத்தை வாங்கிக்கொண்டே இருக்கும். முதுகுக்கடியில் வெதுவெதுப்பான நீர் பக்கவாட்டில் ஏறி விலக, குளிர்ந்த நீர் அந்த இடத்துக்கு வந்து சேரும்.

குளிர்நாடுகளில் ஹீட்டர் இல்லாமல் இந்தப் படுக்கையில் படுக்க முடியாது. தோலின் வெப்பம் 33, 34 டிகிரி. அதற்குச் சற்றுக் கீழே, 28 முதல் 32 டிகிரிக்குள் தண்ணீரை வைத்திருந்தால்தான் இதமாக இருக்கும். வினைல் பைக்கு அடியில் தட்டையான ஹீட்டர் பட்டையும் வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவியும் அதற்காகவே வைக்கிறார்கள்.

சென்னை, மதுரை, திருச்சி போன்ற ஊர்களில் கதை வேறு. மெத்தைக்குள் இருக்கும் முக்கால் டன் தண்ணீர் ஒரு நாளின் ஏற்ற இறக்கத்தைப் பொருட்படுத்தாது. அறையின் இரண்டு மூன்று நாள் சராசரி வெப்பத்தில்தான் நிற்கும். மார்கழி, தையில் அது இதமான குளிர்ச்சி தரும். சித்திரை வெயிலில் மொட்டைமாடிக்குக் கீழுள்ள அறை பகலெல்லாம் தகிக்கும். அந்தச் சூட்டைத் தண்ணீர் வாங்கி வைத்துக்கொண்டு இரவு முழுக்க முதுகுக்குத் திருப்பித் தரும். இரவில் மட்டும் ஏசி போட்டால் காற்று உடனே குளிர்ந்துவிடும், தண்ணீர் குளிராது. நாள் முழுக்க ஏசி ஓடும் அறையில் மாறாக, 24, 25 டிகிரித் தண்ணீர் நள்ளிரவில் உடம்பை விறைக்க வைக்கும். ஊட்டி, கொடைக்கானல் வீடுகளில் ஹீட்டர் இல்லாமல் நினைத்தே பார்க்க வேண்டாம்.

இன்னொன்று வியர்வை. வினைல் மூச்சு விடாது. இலவம்பஞ்சு மெத்தையும் கோரைப்பாயும் வாங்கிக்கொள்ளும் ஈரத்தை அது அப்படியே முதுகுக்கும் விரிப்புக்கும் நடுவே நிறுத்தும். கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் இது பெரிய குறை. தடித்த பருத்தி மேல்விரிப்பு ஒன்றைப் போட்டால் ஈரமும் குறையும், வெப்பக் கடத்தலும் மட்டுப்படும். விரிப்பு தடிக்கத் தடிக்கத் தண்ணீரின் சீரான அழுத்தமும் குறைந்துகொண்டே வரும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அலையும் தாலாட்டும்

நீர்மெத்தை தாலாட்டித் தூங்க வைக்கும் என்பது விற்பனையாளர்களின் பழைய வசனம். ஆழம் குறைந்த நீரில் அலை செல்லும் வேகத்தை ஆழத்தைக் கொண்டே கணக்கிடலாம். 20 சென்டிமீட்டர் ஆழமானால் நொடிக்குச் சுமார் 1.4 மீட்டர். 2 மீட்டர் மெத்தையில் தலைமாட்டில் கிளம்பிய அலை கால்மாட்டில் மோதித் திரும்ப ஏறக்குறைய 3 நொடி ஆகும்.

ஜெனீவா பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள், 4 நொடிக்கு ஒருமுறை பக்கவாட்டில் மெல்ல ஆடும் கட்டிலில் இளைஞர்களைத் தூங்க வைத்து 2011இலும் 2019இலும் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆடும் கட்டிலில் தூக்கம் விரைவில் வந்தது, ஆழ்ந்த தூக்கமும் கூடியது. எண்கள் கிட்டக்கிட்ட இருப்பதால் நீர்மெத்தையும் அதையே செய்யும் என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஜெனீவாக் கட்டில் தூங்கிய நேரம் முழுக்க ஒரே சீராக ஆடியது. நீர்மெத்தையின் அலை யாராவது புரளும்போது எழுந்து சில விநாடிகளில் ஓய்ந்துவிடும். தூங்குபவருக்கு அது தாலாட்டாக அமைவதைவிட இடையூறாக அமையும் வாய்ப்பே அதிகம். குறிப்பாக, புரண்டவர் பக்கத்தில் படுத்திருப்பவராக இருந்தால்.

அதனால்தான் இப்போதைய மெத்தைகளில் பைக்குள் இழைப்படலங்களையோ தடுப்புகளையோ வைத்து அலையை அடக்குகிறார்கள். தடுப்பே இல்லாத மெத்தையில் அலை நன்றாகத் தெரியும், அழுத்தமும் மிகச் சீராக இருக்கும். தடுப்பு கூடக்கூட அலை ஓயும். மெத்தை ஃபோமின் தன்மைக்கு நெருங்கி வரும். கணவன் மனைவி எடையில் பெரிய வேறுபாடு இருந்தால் ஒரே பை உதவாது. கனமானவர் பக்கம் அமிழும், அங்கிருந்து விலகிய தண்ணீர் மற்றவரைத் தூக்கிச் சரிவில் நிறுத்தும். தனித்தனியாக நிரப்பும் இரட்டைப் பை உள்ள மெத்தைதான் அவர்களுக்குச் சரி.

தரை தாங்குமா, பை வெடிக்குமா?

இந்தியக் கட்டுமானத் தரவிதியான ஐ.எஸ். 875, குடியிருப்பு அறைகளின் தளத்தில் ஆளும் பொருளும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 200 கிலோ வரை ஏறலாம் என்று வைத்துக்கொண்டு வடிவமைக்கச் சொல்கிறது. 20 சென்டிமீட்டர் ஆழத் தண்ணீர் தனியாகவே அந்த 200 கிலோவை எட்டிவிடும். 720 கிலோ தண்ணீர், இரண்டு பேர் 130 கிலோ, சட்டமும் பலகையும் 80 கிலோ என்றால் மொத்தம் 930 கிலோ. கட்டில் அடைத்துக்கொள்ளும் இடத்துக்குப் பகிர்ந்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 260 கிலோ. விதியின் அளவு அறை முழுவதற்குமானது. அறையின் மற்ற இடங்கள் காலியாகக் கிடக்கும் என்பதால், ஒழுங்காகக் கட்டிய கான்கிரீட் தளம் இதை வழக்கமாகத் தாங்கிவிடும். நான்கு கால்களில் எடையைக் குவிக்காமல், அடி முழுதும் தரையில் பரவும் பலகைப் பீடம் வேண்டும். சுவர் ஓரமாகப் போட வேண்டும். தேக்குச் சட்டங்களின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டின் மாடியிலோ, விரிசலும் கம்பித் துருவும் தெரிகிற தளத்திலோ பொறியாளரைக் கேட்காமல் வைக்கக் கூடாது. அடுக்குமாடியில் கீழ்வீட்டுக்காரரும் இதில் ஒரு கட்சிதான். வாடகை வீடானால் உரிமையாளரிடம் முன்பே சொல்லிவிடுவது மரியாதை மட்டுமல்ல, பாதுகாப்பும்கூட.

பை வெடித்து வீடு மிதக்கும் என்ற பயம் சினிமாவில் வந்தது. மாடித் தொட்டி 6 மீட்டர் உயரத்தில் இருந்தால் சமையலறைக் குழாயில் வரும் அழுத்தம், 20 சென்டிமீட்டர் ஆழ மெத்தையின் அடியில் இருப்பதைப் போல 30 மடங்கு. ஊசி குத்தினால் மெத்தையிலிருந்து பீய்ச்சாது, கசியும். ஆனால் அந்தக் கசிவு தெரியாமலே ஒரு வாரம் நடந்தால் மரச்சட்டம் ஊறும், கீழ்வீட்டுக் கூரையில் கறை விழும். பைக்கும் சட்டத்துக்கும் நடுவில் தண்ணீரைத் தாங்கும் இரண்டாவது உறை இருக்கிறதா என்று கேட்டு வாங்குவது கட்டாயம்.

நிரப்புவதும் பார்த்துக்கொள்வதும்

நிமிடத்துக்கு 10 லிட்டர் வரும் குழாயில் 720 லிட்டர் நிரப்ப ஒன்றேகால் மணி நேரம் ஆகும். ஒரு முறை நிரப்பினால் பல ஆண்டுகள் மாற்ற வேண்டியதில்லை. புதுத் தண்ணீரில் கரைந்திருந்த காற்று, வெப்பம் ஏற ஏறக் குமிழாகப் பிரிந்து பைக்குள் மேலே சேரும். சில நாளில் புரளும்போதெல்லாம் களக் களக் என்று சத்தம் கேட்கத் தொடங்கினால் பழுது என்று பதற வேண்டாம். மூடியைத் திறந்து, நீளமான துடைப்பக் கட்டையால் மெத்தையின் மேல் வழித்துக் காற்றை வாய்ப்பக்கம் தள்ளி வெளியேற்றினால் சத்தம் நின்றுவிடும்.

வெதுவெதுப்பான, தேங்கிய தண்ணீர் நுண்ணுயிர்களுக்கு விருந்து. பாசியும் பாக்டீரியாவும் வளர்ந்தால் நாற்றமும் வாயுவும் வரும். இதற்கென்று விற்கும் மருந்துக் கரைசலைக் குறிப்பிட்ட இடைவெளியில் ஊற்ற வேண்டும். வீட்டில் இருக்கும் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றுவது வினைலைக் கெடுக்கும். வினைலைக் குழைவாக வைத்திருக்கும் வேதிப்பொருள் காலப்போக்கில் குறைந்து, பை விறைத்துப் போவதும் உண்டு. வெளிநாட்டு மெத்தையை வரவழைத்தால் ஹீட்டர் நம் 230 வோல்ட் மின்சாரத்துக்கு ஏற்றதா, எர்த் இணைப்பு சரியா என்பதைப் பார்க்க வேண்டும். தண்ணீர் இல்லாத வெறும் பையின் அடியில் ஹீட்டரை ஓட விடக் கூடாது.

வீட்டில் படுத்திருப்பவருக்கு வாங்கும்போது

ஆர்னாட்டின் யோசனை இன்றும் பொருந்துவது இவர்களுக்குத்தான். மெத்தையின் மேல் விரிக்கும் வாட்டர் பெட் மலிவு. மின்சாரம் வேண்டாம், மோட்டார் சத்தம் இல்லை, மின்வெட்டில் தளராது. அதற்கு மாற்றான ஏர் பெட், சிறு மோட்டாரால் அறைகளை மாற்றி மாற்றிக் காற்றேற்றி இறக்கும். சுமார் 10 நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்தம் விழும் இடம் மாறும் என்பது அதன் நன்மை. எதை வாங்குவது என்பதை நோயாளியைப் பார்க்கும் மருத்துவரோ செவிலியரோ சொல்வதே சரி. புண் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தால் இந்தக் கேள்வியைத் தள்ளிப் போடவே கூடாது.

வாட்டர் பெட் வாங்கியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள் சில உண்டு. புடைக்கப் புடைக்க நிரப்புவது முதலாவது. மேல்துணி விறைத்தால் பயன் போயிற்று. மெத்தைக்கும் வாட்டர் பெட்டுக்கும் இடையே உள்ளங்கையை மேல்நோக்கி விட்டு, நோயாளியின் இடுப்புக்கடியில் வைத்துப் பாருங்கள். எலும்பு கையில் நேராகத் தட்டினால் தண்ணீர் போதவில்லை. ஓர் அங்குலமாவது தண்ணீர் நடுவே நிற்க வேண்டும். இரண்டாவது, மேலே பழைய சேலையை நான்காக மடித்து விரிப்பதும், ரப்பர் ஷீட்டை இழுத்துச் செருகுவதும். ஒற்றை விரிப்பு, அதுவும் தளர்வாக இருந்தால் போதும். மூன்றாவது, குளிர்ந்த தண்ணீரை நிரப்புவது. வயதானவர் உடம்பு அவ்வளவு வெப்பத்தை இழந்து ஈடுகட்டாது. வெதுவெதுப்பான நீரையே நிரப்ப வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, வாட்டர் பெட் போட்டாயிற்று என்று புரட்டிப் படுக்க வைப்பதை நிறுத்திவிடுவது. அழுத்தம் குறைந்தாலும் நேரம் நீண்டால் புண் வரும். ஈரமும் உராய்வும் சேர்ந்தால் இன்னும் விரைவாக வரும். பொதுவாக இரண்டு மணிக்கொரு தடவை இடம், வலம், மல்லாந்து என்று மாற்றச் சொல்கிறார்கள். ஒவ்வொரு முறையும் திரிக எலும்பு, இடுப்புப் பக்க எலும்பு, குதிகால், கணுக்கால் ஆகிய இடங்களைப் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துத் திரும்பச் சிவக்க வேண்டும். வெளுக்காவிட்டால் புண்ணின் முதல் கட்டம் தொடங்கிவிட்டது. நம் போன்ற கறுத்த தோலில் இந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். அங்கே தொட்டுப் பார்த்துச் சூடு, தடிப்பு, வலி ஆகியவற்றை வைத்துத்தான் அறிய வேண்டும். குதிகாலுக்கடியில் தண்ணீர் நிரப்பிய கையுறையை வைக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. வழிகாட்டு நெறிகள் அதை ஏற்பதில்லை. கெண்டைக்காலுக்கடியில் தலையணை வைத்துக் குதிகால் எதையும் தொடாமல் நிற்க வைப்பதே முறை.

யாருக்கு வேண்டாம்?

கைக்குழந்தையை எந்த வகை நீர்மெத்தையிலும் படுக்க வைக்கக் கூடாது. குப்புறப் புரண்டால் முகம் மெத்தைக்குள் புதைந்து மூச்சுமுட்டும் ஆபத்து உண்மையானது. தடுப்பு வைத்த மெத்தையானாலும் இதில் விலக்கு இல்லை. தட்டுத் தடுமாறியாவது தானே எழுந்து நடக்கும் முதியவருக்கும் இது ஆகாது. ஊன்றிக்கொள்ளக் கெட்டியான விளிம்பு இல்லாமல், எழுந்திருக்க இன்னொருவர் கை தேவைப்படும் நிலைக்கு அவரைத் தள்ளிவிடும். இதய நோயாளி இருக்கும் வீட்டில் ஒன்றைத் தெரிந்து வைத்திருங்கள். நெஞ்சை அழுத்தி உயிர்மீட்கும் முதலுதவியை நீர்மெத்தையின் மேல் செய்ய முடியாது. அழுத்தம் முழுவதும் தண்ணீருக்குள் போய்விடும். ஆளைத் தரையில் இறக்கியே செய்ய வேண்டும்.

கடைசியில், நல்ல தூக்கத்துக்காக நீர்மெத்தை வாங்கலாமா? புரண்டு படுக்க முடிகிற ஒருவருக்குத் தண்ணீரின் சீரான அழுத்தம் ஒரு சுகம், மருத்துவத் தேவை அல்ல. நல்ல நடுத்தர மெத்தை அதில் பெரும்பகுதியைக் கொடுத்துவிடும். அந்தச் சுகத்தோடு முக்கால் டன் எடையும், ஹீட்டரின் மின்கட்டணமும், மூச்சு விடாத வினைலும் வீட்டுக்குள் வரும். கான்கிரீட் தளம், ஊரின் தட்பவெப்பத்துக்கு ஏற்ற வெப்பக் கட்டுப்பாடு, அலையடக்கிய இரட்டைப் பை, கசிவைத் தாங்கும் உறை ஆகிய நான்கும் அமைந்து, விடுதியிலோ நண்பர் வீட்டிலோ ஒரு முழு இரவு படுத்துப் பார்த்துப் பிடித்தும் இருந்தால் வாங்கலாம். கடையில் ஐந்து நிமிடம் படுத்துப் பார்த்தால் மென்மைதான் தெரியும். வெப்பமும் வியர்வையும் தங்கள் கணக்கைக் காட்டுவது விடியற்காலை மூன்று மணிக்கு மேல்தான்.

வீட்டில் புரள முடியாத ஒருவர் இருந்தால் முதல் செலவு அவருக்கு ஆகட்டும். சர்ஜிக்கல் கடையின் அந்த ரப்பர் பை, மெத்தைக் கடையின் ஆடம்பரக் கட்டிலைவிட விலை மிகக் குறைவு. ஒரு புண்ணைத் தடுத்துவிட்டால், மாதக்கணக்கில் கட்டுப் போடும் செலவையும் வேதனையையும் அது மிச்சப்படுத்தும்.